ஈராசிரியர் பள்ளியிலிருந்து தொடக்கக் கல்வி இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் என் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்த தாய் நான். மூத்தவன் அங்கே ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு இப்போது பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறான். இளையவள் அதே தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராகவும் இருப்பதால், எங்கள் வீட்டு அனுபவத்தோடு மற்ற வீடுகளில் பேசப்படுவதும் எனக்குத் தெரியும். பள்ளியின் பெயரையும் ஒன்றியத்தின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அங்கே பணியாற்றும் இரண்டு ஆசிரியர்களிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும், அவர்கள் பதில் எழுதுவார்கள், கோப்பு முடிந்துவிடும். நான் எழுதுவது அந்த இருவர்மீதான புகார் அன்று.

எங்கள் தெருவில் அந்தப் பள்ளியைப் பற்றி வீட்டுக்கு வீடு வேறு விதமாகப் பேசுவார்கள். "நம்ம பள்ளிக்கூடத்துல படிச்ச புள்ளைதான் இன்னைக்குக் கணக்குல முதல்ல நிக்குது" என்று ஒரு வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அடுத்த வீட்டில், "ரெண்டு வருஷம் போயும் பேரை எழுதத் தெரியல, டிசி வாங்கிட்டோம்" என்பார்கள். இன்னொரு வீட்டில், வேன் கட்டணம் கட்ட முடியாததால்தான் பிள்ளை அங்கே போகிறது என்று ஒளிக்காமல் சொல்வார்கள். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. பிள்ளை எந்த ஆண்டில் சேர்ந்தது, அந்த ஆண்டில் எந்த ஆசிரியர் இருந்தார், இருந்தவர் எத்தனை நாள் வகுப்பறைக்குள் இருக்க முடிந்தது என்பதைப் பொறுத்து ஒரே கட்டடம் ஒரு வீட்டுக்கு நல்ல பள்ளியாகவும் இன்னொரு வீட்டுக்குப் பொழுது போக்கும் இடமாகவும் ஆகிவிடுகிறது. தாங்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்பதற்காகவே இம்மடல். அரசு எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பொருள்களில் பெரிய குறை இல்லை. நாள் முழுவதும் தம் வகுப்பிலேயே இருக்கும் ஓர் ஆசிரியரை மட்டும் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகக் கொடுக்கவில்லை.

நிறைவாக அமைந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எங்கள் பக்கத்துத் திருக்குவளையில் வைத்து மாநிலம் முழுவதுக்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டம், எங்கள் ஊர்ப் பெண்களின் காலைப்பொழுதையே மாற்றியிருக்கிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் விடியற்காலையிலேயே வயலில் இறங்கியாக வேண்டும். முன்பெல்லாம் பழைய சோறு இருந்தால் பிள்ளை சாப்பிட்டுவிட்டுப் போகும், இல்லாவிட்டால் வெறும் வயிற்றோடு மதியச் சத்துணவு வரை காத்திருக்கும். இப்போது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைத்த பொங்கலோ கிச்சடியோ உப்புமாவோ சாம்பாரோடு சுடச்சுடக் கிடைக்கிறது. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறப்பட்டதைச் சாப்பிடுகிறார்கள். சில ஊர்களில் சமைப்பவரின் சாதியைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சாப்பிட விடாமல் தடுத்தவர்கள் உண்டு என்பதைச் செய்திகளில் படித்திருக்கிறேன். எங்கள் ஊரிலும் முதல் வாரத்தில் அப்படி ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தலைமையாசிரியர் தாமும் பிள்ளைகளோடு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார், பேச்சு அடங்கிவிட்டது. அவரை நான் வாழ்நாள் முழுவதும் மதிப்பேன்.

பாடநூல், குறிப்பேடு, சீருடை, பை, காலணி எல்லாம் விலையில்லாமல் வருகின்றன. சீருடை சில ஆண்டுகளில் தோள் இறங்கியும் இடுப்பு பெருத்தும் வருவதால் தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் நன்றியோடு சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் கேட்கும் திறன் குறைந்த ஒரு சிறுவன் இருக்கிறான். நகரத்தில் இரண்டு தனியார் பள்ளிகளில் அவனுக்கு இடம் கேட்டு, "எங்களிடம் அதற்கான வசதி இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்ட பிறகு, அவன் அம்மா அவனை எங்கள் பள்ளிக்கு அழைத்து வந்தார். கேள்வி எதுவும் கேட்காமல் அன்றே சேர்த்துக்கொண்டார்கள். ஒன்றிய அளவில் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வளமையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வந்து அவனோடு தனியாக உட்காருகிறார். காதொலிக் கருவிக்கான மருத்துவ முகாம் எப்போது, சான்றிதழை எங்கே வாங்குவது என்பதையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அந்த அம்மாவிடம் யாரும் எங்கள் பள்ளியைக் குறை சொல்லிவிட முடியாது. ஆனால், சிறப்புப் பயிற்றுநர் வராத நாள்களில் அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பான். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும்போது அவனுக்கென்று நேரம் ஒதுக்க எவராலும் முடியாது. அதையும் அந்த அம்மாவே என்னிடம் சொன்னார்.

எங்கள் பள்ளியில் இப்போது 38 பிள்ளைகள் படிக்கிறார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61-லிருந்து 90 வரை மூன்று ஆசிரியர்கள். கணக்குப்படி பார்த்தால் எங்களுக்குக் குறையே இல்லை. 19 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார், நகரத்தின் பெரிய தனியார் பள்ளிகளில்கூட இப்படி இருக்காது என்று அலுவலர்கள் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இல்லை. ஐந்து வகுப்புகளில், ஐந்து விதமான பாடநூல்களோடு, ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை பரவிக் கிடக்கிறார்கள். ஒன்று முதல் மூன்று வரை ஓர் அறையிலும், நான்கும் ஐந்தும் மற்றோர் அறையிலும் உட்காருகிறார்கள். அந்த இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் தலைமையாசிரியர். சத்துணவுக் கணக்கும் வருகைப் பதிவும் விலையில்லாப் பொருள்களின் இருப்பும் கழிப்பறைப் பழுதும் அவர் தலையில்தான் விடிகின்றன.

இந்த இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ மருத்துவ விடுப்பிலோ சென்றால் ஐந்து வகுப்புகளும் ஒரே அறைக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட நாள்களில் பள்ளிக்கூடம் நடக்கிறது, வருகை பதிவாகிறது, உணவு பரிமாறப்படுகிறது, பாடம் மட்டும் நடப்பதில்லை. வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தால் அதற்கும் ஆசிரியரைத்தான் அழைக்கிறார்கள். தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகியவற்றைத் தவிர வேறு வேலைகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்று அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. தேர்தலுக்கு விலக்கு இருப்பதால் அது சட்டப்படி சரி என்பதை ஒப்புக்கொள்கிறேன். பத்து ஆசிரியர்கள் உள்ள பள்ளியிலிருந்து ஒருவரை எடுப்பதும், இருவர் உள்ள பள்ளியிலிருந்து ஒருவரை எடுப்பதும் ஒன்றாகுமா என்பதை மட்டும் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஈராசிரியர் பள்ளிகளை இத்தகைய பணிகளிலிருந்து விலக்கி வைக்க, மாவட்ட நிர்வாகத்திடம் தங்கள் துறைதான் பேச வேண்டும். எங்கள் ஊர்த் தலைமையாசிரியரால் அதைப் பேச முடியாது.

வருகை முதலான விவரங்களை ஆசிரியர்கள் இணையத்தில் ஏற்ற வேண்டிய துறையின் தகவல் தளமான எமிஸ் பதிவேற்றங்களைப் பற்றி ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன; சில குறைக்கப்பட்டதாகவும் அறிகிறேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் காலை மகளின் மதிய மருந்தைக் கொடுப்பதற்காகப் பள்ளிக்குப் போயிருந்தேன். ஒன்று முதல் மூன்று வரை உள்ள பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்த அட்டைகள் நடுவில் கிடந்தன. ஆசிரியை நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு, கைப்பேசியை உயரத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். பதிவு ஏறும் வரை கை இறங்கவில்லை. ஒரு பையன் அட்டையைத் தூக்கிக் காட்டி, "டீச்சர், இது சரியா?" என்று மூன்று முறை கேட்டான். மூன்றாவது முறையும் பதில் வராததால் அட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் தலைமுடியை இழுக்கத் தொடங்கினான். அந்த ஆசிரியை அக்கறை இல்லாதவர் அல்லர். மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லி, பேருந்தைத் தவறவிட்ட நாள்கள் அவருக்கு உண்டு. குறித்த நேரத்துக்குள் பதிவு ஏறவில்லை என்றால் மேலிருந்து அழைப்பு வரும். பையன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்றால் யாரிடமிருந்தும் அழைப்பு வராது.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதி செய்ய வந்த எண்ணும் எழுத்தும் இயக்கத்தின் நோக்கத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி மூடிக் கிடந்தபோது எங்கள் மூத்தவன் எழுத்துகளை மறந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகளின் இருப்பிடத்துக்கே வந்து சொல்லிக் கொடுக்கும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக வந்த எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, கோயில் மண்டபத்தில் மாலை நேரத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததால்தான் அவன் மீண்டும் படிக்கத் தொடங்கினான். அதன் தொடர்ச்சியாக 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் தொடங்கியதும், அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கு விரிந்ததும் நல்ல முடிவுகளே. பாட்டும் கதையும் பொம்மலாட்டமுமாகப் பள்ளி மாறியதால் என் மகள் ஒரு நாளும் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுததில்லை.

ஆனால், பிள்ளை உண்மையிலேயே படிக்கிறதா என்பதை வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் எங்களுக்குக் கடினமாக இருக்கிறது. சென்ற பருவத்தில் என் மகள் தமிழ்ப் பாடநூலைத் திறந்து ஒரு பாடலை முழுதாக, ராகத்தோடு, ஒரு சொல் தவறாமல் படித்துக் காட்டினாள். வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. பிறகு அதே பாடலின் மூன்றாவது வரியில் நடுவே இருந்த ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பாடலை முதலிலிருந்து மெல்ல முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்த இடத்தை எட்டியதும் சொல்லைச் சொன்னாள். அவளுக்குப் பாடல் தெரிந்திருந்தது, எழுத்துத் தெரியவில்லை. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வரும் இடங்களில் தடுமாறினாள். ணகர, னகர வேறுபாட்டில் தடுமாறினாள். அவளுடைய தரநிலை அறிக்கையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பருவம் முழுவதும் வகுப்பில் செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்து, அவற்றைக் கூட்டி, ஒரு நல்ல தரக்குறியீடு போட்டிருந்தார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் விரல் வைத்துக் கேட்கத் தோன்றியது. கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த தாய், அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டுப் பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்றுதான் நம்புவாள். நம்பிவிட்டு, ஆறாம் வகுப்பில் புதிய பள்ளிக்குப் போன பிறகு, "உங்கள் பையனுக்கு வாசிக்கவே வரவில்லையே, ஐந்து வருஷம் என்ன செய்தீர்கள்?" என்று அங்குள்ள ஆசிரியர் கேட்கும்போது தலைகுனிந்து நிற்பாள்.

ஆறு முதல் ஒன்பது வரை உள்ள வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக 2025-26 கல்வியாண்டில் 'திறன்' என்ற பயிற்சியை அரசே தொடங்கியிருக்கிறது. அடிப்படை வாசிப்பும் கணக்கும் கைவராமல் பிள்ளைகள் மேல் வகுப்புக்கு வருகிறார்கள் என்பது துறைக்குத் தெரியும் என்றுதான் இதற்குப் பொருள். ஆறாம் வகுப்பில் தெரிந்துகொள்வதை மூன்றாம் வகுப்பிலேயே பெற்றோருக்குச் சொல்லிவிட்டால் என்ன? பிள்ளையைத் தேர்ச்சியில்லை என்று நிறுத்தி வைக்கும்படி நான் கேட்கவில்லை. அப்படி நிறுத்தப்பட்ட பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், பள்ளிக்கே வராமல் நின்றுபோன காலத்தை எங்கள் தாய்மார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரைக் கூட்டித் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்று சட்டத்தின் 24-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பருவத்துக்கு ஒரு முறை, பெற்றோரை எதிரில் உட்கார வைத்து, முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லி, இரண்டு கழித்தல் கணக்குகளைப் போடச் சொல்லுங்கள். பெற்றோர் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும். இதற்குச் செயலி வேண்டாம், அச்சடித்த படிவம் வேண்டாம், ஒரு பிள்ளைக்குக் கால் மணி நேரம் போதும். வாசிப்பு இயக்கத்துக்காக அச்சிட்ட சிறு புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகக் கடினமாகும் வகையில் பள்ளியிலேயே இருக்கின்றன. பிள்ளை 'நட' நூலை வாசிக்கிறதா, 'ஓடு' நூலை வாசிக்கிறதா என்று பார்த்தாலே எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் பிள்ளை எங்கே நிற்கிறது என்று விளங்கிவிடும்.

ஆசிரியர் மாறுதலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகன் மூன்றாம், நான்காம் வகுப்புகளில் படித்தபோது ஓர் ஆசிரியர் இருந்தார். கணக்கைப் புளியங்கொட்டையை வைத்துத் தொடங்குவார். வாய்ப்பாட்டைப் பிறகுதான் எடுப்பார். வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளைகள் ஊருக்குள் யாராவது ஒருவரைச் சந்தித்து அவர் செய்யும் தொழிலைப் பற்றி அரைப் பக்கம் எழுதிவர வேண்டும். என் மகன் எங்கள் ஊர் ஆற்றுக்காவல்காரரைப் பற்றி எழுதியது இன்னும் வீட்டில் இருக்கிறது. எழுத்துப் பிழை ஏராளம், ஆனால் மதகை எப்போது திறப்பார்கள், எவ்வளவு தண்ணீர் விடுவார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அவர் இருந்த காலத்தில் தனியார் பள்ளியிலிருந்து இரண்டு பிள்ளைகள் எங்கள் பள்ளிக்குத் திரும்பி வந்தார்கள். பொது மாறுதல் கலந்தாய்வில் அவருக்குச் சொந்த மாவட்டம் கிடைத்தது. வயதான பெற்றோரைப் பிரிந்து பல ஆண்டுகள் இருந்தவர் அவர், போகத்தான் வேண்டும். அவர் போன இடத்துக்கு அரையாண்டுத் தேர்வு நெருங்கும் வரை ஒருவரும் வரவில்லை. பக்கத்துப் பள்ளியிலிருந்து வாரத்தில் சில நாள்கள் ஒருவரை மாற்றுப்பணியில் அனுப்பினார்கள். அடுத்த ஜூனில் ஐந்து பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்திருந்த அந்த இருவரும் அவர்களில் அடக்கம்.

ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவர் மாறுதல் பெறும்போது பதிலி ஆசிரியர் பணியேற்ற பின்னரே அவரை விடுவிக்க வேண்டும். அது இயலாவிட்டால், காலியிடம் நிரம்பும் வரை தற்காலிக ஆசிரியர் ஒருவரை அமர்த்திக்கொள்ளப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அனுமதியும் நிதியும் கொடுங்கள். இது புதிய யோசனை அன்று. 2022-இல் அரசே இந்த வழியைத் திறந்தது. தொடக்க வகுப்புகளை நடத்தும் இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்று அப்போது முதலில் அறிவித்த தொகை மிகக் குறைவு. அந்தச் சம்பளத்தில் படித்த ஒருவரை வேலை வாங்குவது நியாயமில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆசிரியர் பயிற்சி முடித்துத் தகுதித் தேர்விலும் வென்றுவிட்டு வீட்டில் இருப்பவர்கள் எங்கள் ஒன்றியத்திலேயே இருக்கிறார்கள். ஒன்றிய அரசு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதியை நிறுத்தி வைத்ததால் ஏற்பட்ட நெருக்கடியை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். அதை எதிர்த்து மாநில அரசு தொடுத்த வழக்கில் நாங்கள் மாநில அரசின் பக்கம்தான் நிற்கிறோம். ஆனால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பு ஒரே ஒரு முறைதான் வரும்.

ஆங்கில வழியைப் பற்றியும் ஒரு சொல். பெற்றோர் ஆங்கிலம் கேட்கிறார்கள் என்று அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. கேட்டது உண்மைதான், காலையில் தெருமுனையில் மஞ்சள் வேன் வந்து நிற்கும்போது டையும் ஷூவுமாக ஏறும் பிள்ளையைப் பார்த்துக் கேட்காமல் இருக்க யாராலும் முடியாது. எங்கள் பள்ளியில் இப்போது ஒரே அறையில், ஒரே ஆசிரியை, தமிழ்வழிப் பிள்ளைக்குத் தமிழ் நூலிலும் ஆங்கிலவழிப் பிள்ளைக்கு ஆங்கில நூலிலும் அறிவியலை நடத்துகிறார். இரண்டையும் தமிழில்தான் விளக்குகிறார்; வேறு எப்படி விளக்குவது? ஆங்கிலவழிப் பிள்ளை விடையை மனப்பாடம் செய்து எழுதுகிறது. இதனால் மூன்று வகுப்புகள் நடத்த வேண்டியவர் ஆறு வகுப்புகள் நடத்துகிறார். என்னைக் கேட்டால், பாடங்களைத் தமிழில் புரியும்படி நடத்திவிட்டு, ஆங்கிலத்தைப் பேசவும் படிக்கவும் தெரிந்த ஒருவரை ஒன்றியத்தில் நான்கைந்து பள்ளிகளுக்குச் சேர்த்து அமர்த்தி, நாளுக்கு ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேச வைத்தால் பெற்றோரின் ஏக்கம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மற்ற பெற்றோர் எல்லாரும் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் குழுவிலேயே பாதிப் பேர் இதை எதிர்க்கிறார்கள்.

இன்னொரு பக்கம், தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் திட்டத்தில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களும் எங்கள் தெருவில் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைகளுக்கு அரசு செலுத்தும் கட்டணத்தோடு எங்கள் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் ஒருவரை அமர்த்த ஆகும் செலவையும் சேர்த்து வைத்துத் துறை ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் குறைகிறார்கள் என்று ஆசிரியரைக் குறைப்பதும், ஆசிரியர் குறைவு என்று பெற்றோர் பிள்ளையை எடுத்துக்கொண்டு போவதும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே போகின்றன. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டம் விதித்த குறைந்தபட்ச அளவே. அதற்குமேல் கொடுக்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஐந்து வகுப்புகளிலும் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது மூன்று ஆசிரியர்கள் என்று அரசு முடிவெடுக்க வேண்டும் என்பதே எங்கள் முதன்மையான கோரிக்கை.

கடைசியாகப் பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் வகுத்திருக்கிறது. 2022-இல் தமிழ்நாடு முழுவதும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டதும், 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து மறுகட்டமைப்புச் செய்யப்பட்டதும் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. எங்கள் குழுவால் சுற்றுச்சுவரின் இடிந்த பகுதி கட்டப்பட்டது. குடிநீர்த் தொட்டி மாற்றப்பட்டது. ஆனால், கழிப்பறையைத் தூய்மை செய்ய வருபவருக்குக் கொடுக்கப்படும் சொற்பத் தொகைக்கு எவரும் நிலையாக வருவதில்லை. அவர் வராத நாளில் பிள்ளைகள் கையில் துடைப்பம் போய்விடுகிறது. அதைக் கூட்டத்தில் எழுப்பினேன், தீர்மானமும் எழுதினோம், அத்தீர்மானத்துக்கு இதுவரை பதில் வரவில்லை. ஆசிரியர் காலியிடத்தைப் பற்றி எழுதிய தீர்மானத்துக்கும் அப்படியே. கட்டடம், தொட்டி, சுவர் என்றால் பதில் வருகிறது. கற்பித்தலைப் பற்றிப் பெற்றோர் எழுதினால் யார் பதில் சொல்ல வேண்டும் என்றே தெரியவில்லை. குழுத் தீர்மானங்களுக்கு வட்டாரக் கல்வி அலுவலர் 30 நாள்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று தாங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். மறுத்துப் பதில் வந்தாலும் பரவாயில்லை, காரணம் தெரிந்தால் அடுத்து எங்கே போவது என்று நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

கூட்டங்கள் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கின்றன. அந்த நேரத்தில் வர வேண்டுமென்றால் கூலிக்குப் போகும் பெண் அரைநாள் சம்பளத்தை விட வேண்டும்; நூறு நாள் வேலையில் இருப்பவர் மேற்பார்வையாளரிடம் கெஞ்ச வேண்டும். ஆகவே வீட்டில் இருப்பவர்கள் மட்டும் வருகிறோம். மற்றவர்களின் கையெழுத்து பிறகு வீடு தேடிப் போய் வாங்கப்படுகிறது. பள்ளியைப் பற்றி மிகக் கசப்பாகப் பேசுபவர்களும், அதை விட்டால் வேறு வழியில்லாதவர்களும் அந்தக் கூட்டத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. எங்கள் மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வரும்போது இப்படியான ஓர் ஈராசிரியர் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, பதிவேடுகளைப் பார்த்த பிறகு, பெற்றோரோடும் அரை மணி நேரம் உட்காருங்கள். பிள்ளையை எடுத்துக்கொண்டு போனவர்களையும் அழைத்து வரச் சொல்லுங்கள். அந்தச் சந்திப்பை மாலை ஆறு மணிக்கு மேல் வைத்தால், வயலிலிருந்து திரும்பியவர்களும் வருவார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் உறுப்பினர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.